கடைசி ஆண்டின் நான்கு வாரங்கள்

எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் தேறிய பிறகும், முழுப் பதிவு பெற்ற மருத்துவராவதற்கு இன்னும் 12 மாதக் கட்டாயச் சுழற்சிப் பயிற்சி மீதி இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அதை சி.ஆர்.ஆர்.ஐ. என்பார்கள், அதில் இருப்பவர் நோயாளிகளுக்கும் செவிலியர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட ஒழுங்குமுறை இந்த ஆண்டை வாரக் கணக்கில் பிரித்து வைத்திருக்கிறது. சமூக மருத்துவத்துக்கு 12 வாரம், குடும்பநலம் உட்பட மகப்பேறுக்கு 7, பொது மருத்துவத்துக்கு 6, பொது அறுவைக்கு 6, குழந்தைகள் நலத்துக்கு 3. மனநலம், மயக்கவியல், எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, அவசர சிகிச்சை ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு வாரம். தோல் நோய்க்கு ஒரு வாரம், சட்ட மருத்துவத்துக்கு ஒரு வாரம். எஞ்சும் நான்கு வாரம்தான் எலெக்டிவ், அதாவது மாணவர் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்வது. அதிலும் ஒரு வாரம் சித்தா, ஆயுர்வேதம் போன்ற இந்திய மருத்துவ முறை ஒன்றுக்குப் போய்விடும்.

காகிதத்தில் தெரியும் தேர்வு இவ்வளவுதான். நடைமுறையில் அது இன்னும் விரிவானது. பேட்ச் பிரித்துப் போஸ்டிங் பட்டியல் ஒட்டிய அன்றே பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். மகப்பேறு முதலில் வருவது நல்லதா, கடைசியில் வருவதா? எந்த யூனிட்டில் சீஃப் கேஸைத் தொட விடுவார்? எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போட்டால் கையெழுத்தோடு வேலை முடியும்? யாரோடு எதை மாற்றிக்கொள்ளலாம்? சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வாய்வழியாக வந்துசேரும் இந்த அறிவில், எங்கே நிறையக் கற்கலாம் என்பது பின்வரிசையில்தான் இருக்கிறது. எங்கே அதிக நேரம் மிஞ்சும் என்பதே முன்வரிசை.

இதற்காக மாணவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் முன்னால் நிற்பது முதுநிலை நீட் தேர்வு. 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறானதற்கு ஒன்று கழிவு. நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை எழுதுகிறார்கள். ஒருவர் எந்தத் துறையில், எந்த ஊரில், எந்தக் கட்டணத்தில் மேற்படிப்புப் படிக்கப் போகிறார் என்பதை அந்த ஒரு நாள் தீர்மானிக்கிறது. பயிற்சி ஆண்டில் அவர் எத்தனை பிரசவம் பார்த்தார், எத்தனை பேருக்கு மூச்சுக்குழாய் போட்டார், இரவு மூன்று மணிக்கு வந்த வலிப்பு நோயாளியை எப்படிக் கையாண்டார் என்பதற்கு அதில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. லாக்புக்கில் வாங்கிய கையெழுத்துகள் பயிற்சி முடிந்ததாகச் சான்றளிக்கும். தரவரிசையில் ஓர் இடம்கூட முன்னேற்றாது. இப்படி அமைந்த முறையில் மூன்று வார எலெக்டிவை வேலை குறைவான துறையில் எடுத்துக்கொண்டு விடுதி அறையில் கேள்வி வங்கியோடு உட்காருவது அறிவார்ந்த முடிவுதான். தனியொருவருக்கு அறிவார்ந்ததாக இருக்கும் அந்த முடிவு, இரண்டு லட்சம் பேர் சேர்ந்து எடுக்கும்போது நாட்டின் மருத்துவத்துக்குப் பெரிய இழப்பாகிறது.

எலெக்டிவ் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 1997ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலேயே பயிற்சி ஆண்டில் 15 நாள் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிய எண்ணத்தோடு அது மீண்டும் வந்தது 2019இல், திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டத்தோடு. இறுதியாண்டுப் பாடங்கள் தொடங்குமுன் இரண்டு மாதம் ஒதுக்கினார்கள். முதல் மாதம் உடலியல், நுண்ணுயிரியல் போன்ற துறையிலோ ஆய்வுக்கூடத்திலோ ஓர் ஆய்வாளரின் கீழ் வேலை. இரண்டாவது மாதம் நோயாளிகளுக்கு நடுவே: ஒரு சிறப்புத் துறை, தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்த வங்கி, அல்லது கிராமப்புற மருத்துவமனை. வருகைப் பதிவும் லாக்புக்கும் இல்லாவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது. பாடத்திட்டம் வகுத்தவர்கள் இதில் உண்மையாகவே அக்கறை காட்டியிருக்கிறார்கள். பதினெட்டு வயதில் உள்ளே வந்து, சொன்னதையெல்லாம் சொன்ன வரிசையில் படித்த ஒருவருக்கு, தன் ஆர்வம் எது என்று தேடிப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்த முதல் பேட்ச் கொரோனாவில் மாட்டிக்கொண்டது. கால அட்டவணை நெருக்கடியில் முதலில் வெட்டுப்பட்டவற்றில் எலெக்டிவும் ஒன்று. பிறகு வந்த வழிகாட்டுதல்களில் அது ஒரு மாதமாக நின்றுவிட்டது. நேரம் போதாதபோது எதை வெட்டுகிறோம் என்பதைப் பார்த்தால், எதை அலங்காரமாக நினைத்திருந்தோம் என்பது தெரிந்துவிடும்.

மற்ற நாடுகளிலும் இந்தக் கடைசி ஆண்டு நிம்மதியானதாக இல்லை. அமெரிக்காவில் நான்காம் ஆண்டு மாணவருக்குத் தேர்வுச் சுதந்திரம் நம்மைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலான மாதங்களை அவரே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் மார்ச் மூன்றாம் வெள்ளிக்கிழமை வரும் ‘மேட்ச்’ முடிவு அந்தச் சுதந்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. 1952 முதல் நடந்துவரும் இந்த முறையில், மாணவர் தரும் விருப்பப் பட்டியலையும் மருத்துவமனை தரும் பட்டியலையும் பொருத்தி இடம் தருகிறார்கள். அதனால் எலும்பு அறுவை, நரம்பு அறுவை போன்ற போட்டி மிகுந்த துறைகளை நாடுவோர், தாங்கள் சேர விரும்பும் மருத்துவமனைக்கே நான்கு வாரப் போஸ்டிங்குக்குப் போய்த் தங்களைக் காட்டிக்கொள்கிறார்கள். வேற்றூர், வாடகை அறை, பயணம் எல்லாம் சொந்தச் செலவு. அதிகாலையில் முதலில் வந்து இரவு கடைசியாகக் கிளம்பும் அந்த மாதத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ஆடிஷன். அவசர மருத்துவத் துறையில் அந்த மாதத்தின் முடிவில் தரப்படுத்தப்பட்ட படிவத்தில் மதிப்பீட்டுக் கடிதம் தருகிறார்கள். அது இல்லாமல் விண்ணப்பித்துப் பெரிய பயனில்லை. 2020 மே மாதம், தொற்று காரணமாக வெளியூர்ப் போஸ்டிங்குகளை நிறுத்திவைக்கும்படி அங்குள்ள மருத்துவக் கல்வி அமைப்புகள் கூட்டாகப் பரிந்துரைத்தன. சொந்தத் துறையே இல்லாத சிறு கல்லூரி மாணவர்கள் அந்த ஆண்டு தவித்துப் போனார்கள். 2022 ஜனவரியில் உரிமத் தேர்வின் முதல் கட்டம் மதிப்பெண் இல்லாத தேர்ச்சித் தேர்வாக மாறியது. மதிப்பெண் போனதும் நேரில் முகம் காட்டுவதற்கான மதிப்பு மேலும் கூடியது.

இங்கிலாந்தில் கதை வேறு. 2005இல் வந்த இரண்டாண்டு அடிப்படைப் பயிற்சியில் இளம் மருத்துவர் பெரும்பாலும் நான்கு மாதத்துக்கு ஒன்றாக ஆறு துறைகளில் சுற்றுகிறார். யாருக்கு எந்த ஊர் என்பதை முன்பு கல்லூரி மதிப்பெண்ணும் ஒரு தேர்வும் சேர்ந்து முடிவு செய்தன. 2024 முதல் கணினி தற்செயலாகத் தரும் வரிசை எண்ணும் மாணவரின் விருப்பமும் மட்டும்தான். இலங்கையில் பயிற்சி ஆண்டு ஆறாறு மாதமாக இரண்டு துண்டு. மருத்துவம் அல்லது குழந்தைகள் நலத்தில் ஒன்று, அறுவை அல்லது மகப்பேறில் இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் படித்தவரும் கொழும்பில் படித்தவரும் ஒரே தகுதி வரிசையில் நின்று மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஒரே வார்டில் ஆறு மாதம் தொடர்ந்து நிற்பவருக்கு, இரண்டு வாரத்தில் அடுத்த துறைக்கு ஓடும் நம் மாணவருக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: தான் கொடுத்த மருந்தின் விளைவைத் தானே இருந்து பார்க்கும் வாய்ப்பு. ஆனால் கண், மனநலம், மயக்கவியல் ஆகியவை அந்த ஆண்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

அமெரிக்காவில் ஆடிஷன், நம்மூரில் படிப்பு விடுமுறை. இரண்டிலும் அடுத்த வாசலுக்கான வரிசை இந்த ஆண்டை விழுங்கிவிட்டது. என் கருத்து இதற்கு நேர்மாறானது. தன் விருப்பத் துறை எதுவோ அதை மாணவர் எலெக்டிவாக எடுக்கத் தேவையில்லை. அந்தத் துறையில் சேர்ந்தால் மூன்றாண்டு அதையேதான் கற்கப் போகிறார். இனி வாழ்நாளில் யாரும் அருகில் நின்று கற்றுத் தராத ஒன்றை, ஆனால் நாளை இரவே தனியாகச் செய்ய வேண்டிவரக்கூடிய ஒன்றை எடுக்க வேண்டும்.

நாளை இரவு என்று நான் சொல்வது மிகையல்ல. பயிற்சி முடிந்த எல்லோருக்கும் உடனே முதுநிலை இடம் கிடைப்பதில்லை. பலர் சிற்றூர் நர்சிங் ஹோமில் டூட்டி டாக்டராக உட்காருகிறார்கள். இன்னும் பலர் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தாலுகா மருத்துவமனைக்கோ உதவி மருத்துவராகப் போகிறார்கள். மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு என்ற தமிழ்நாட்டின் ஏற்பாடு பலரைக் கிராமத்துக்கு இழுத்திருக்கிறது; அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆக, நாளைய கதிரியல் நிபுணரும் நாளைய தோல் மருத்துவரும் இடையில் சில ஆண்டுகளாவது தனியாளாக இரவுப் பணி பார்க்கிறார்கள். அந்த அறையில் பி.ஜி. இல்லை, அசிஸ்டென்ட் இல்லை, சீஃப் இல்லை. ஒரு செவிலியரும் 108க்கு அடிக்கத் தொலைபேசியும் இருக்கும்.

அந்த இரவில் என்ன வரும்? பாம்புக்கடி வரும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பகுதி கிராமங்களில். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்து விஷம் ஏறியிருக்கிறதா என்று அறிய அங்கே இருக்கும் சோதனை ஒரு சோதனைக் குழாய்தான். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, 20 நிமிடம் தொடாமல், ஆட்டாமல் நிறுத்தி வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது. விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்ற வேண்டும். தேர்வில் இது ஒரு எளிய கேள்வி, எல்லோருக்கும் விடை தெரியும். வார்டில் செய்து பார்த்தவருக்குத்தான் மற்ற சங்கதிகள் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல இரத்தமும் உறையாமல் ஏமாற்றும். பிளாஸ்டிக் குழாய் உதவாது. பத்தாவது நிமிடத்தில் பதற்றத்தில் சாய்த்துப் பார்த்தால் சோதனை கெட்டது. மருந்து ஏறத் தொடங்கியதும் உடம்பு தடித்து இரத்த அழுத்தம் இறங்கினால் அட்ரினலின் அரை மில்லிகிராம் தசையில் போட வேண்டும். அதை முன்கூட்டியே ஊசியில் ஏற்றிக் கட்டிலருகே வைத்திருக்க வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டு அட்ரினலினைத் தேடி அலமாரியைத் துழாவும் நேரத்தில் என்ன நடக்கும் என்பதை ஒருமுறை பார்த்தவர் பிறகு மறக்க மாட்டார்.

கட்டுவிரியன் என்றால் இரத்தம் சரியாகவே உறையும். கடித்த இடத்தில் வீக்கம்கூட இருக்காது. தரையில் படுத்திருந்தவர் விடிகாலையில் வயிற்று வலி என்று வருவார். இமை மெல்லச் சரிகிறதா, கழுத்தைத் தூக்க முடிகிறதா, எச்சிலை விழுங்குகிறாரா என்று மணிக்கணக்கில் கவனிக்க வேண்டும். மூச்சுத் தசைகள் தளர்ந்துவிட்டால் அவரைக் காப்பது மூச்சு ஊட்டும் ஆம்பு (Ambu) பையும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையும்தான். தாடையை மேலே தூக்கி, முகமூடியைக் காற்று கசியாமல் மூன்று விரலும் இரண்டு விரலுமாகப் பிடித்து, பையை நிதானமாக அழுத்துவது. நேரில் பார்த்தால் எளிய வேலை. முதல் தடவை செய்பவருக்கு மார்பு எழும்பவே எழும்பாது. காற்றெல்லாம் கன்னத்தின் ஓரத்தில் போய்விடும் அல்லது வயிற்றில் நிறையும். இதைக் கற்கும் இடம் மயக்கவியல் துறையின் அறுவை அரங்கம். அங்கே காலை ஏழரை மணிக்குப் போய் நின்றால், மயக்கம் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் செய்யலாம். தப்பாகப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் விரலை நகர்த்தி வைப்பார். கட்டாயமாக ஒதுக்கிய இரண்டு வாரம் போதாது. எலெக்டிவில் இன்னும் இரண்டு வாரம் மயக்கவியலுக்கு என்று கேட்டு வாங்குகிற மாணவர், எந்தத் துறைக்குப் போனாலும், அதைவிடப் பயனுள்ள முடிவை அந்த ஆண்டில் எடுக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

மாணவர்கள் மிகவும் அலட்சியப்படுத்தும் சட்ட மருத்துவ வாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு நாள் நின்று கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்றே பலர் இருக்கிறார்கள். ஆனால் தாலுகா மருத்துவமனையில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அடிதடியில் காயமடைந்தவர் வருவார். விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், விளிம்பு எப்படி, யார் எதனால் தாக்கியதாகச் சொல்கிறார், எத்தனை மணிக்கு வந்தார். அந்தப் பக்கம் இரண்டு மூன்று ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் அவருக்கு முன்னால் விரிக்கப்படும்; குறுக்கு விசாரணையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். காயம் கொடுங்காயமா என்பதில் குற்றத்தின் தன்மையும் தண்டனையும் மாறும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 20 நாள் கடும் வலி என்றிருந்த ஒரு வரையறை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 15 நாள் ஆகிவிட்டது. பாலியல் வன்முறைக்குள்ளான குழந்தை வந்தால் எப்படிப் பேசுவது, எதை முதலில் செய்வது, எந்தச் சாட்சியத்தை எப்படிப் பாதுகாப்பது என்பதை ஒரு மூத்தவர் செய்யப் பார்த்திருக்காதவர் அந்தக் குழந்தைக்கே இன்னொரு தீங்கு செய்துவிடக்கூடும். ஒழுங்குமுறை இதற்குத் தந்திருப்பது ஒரே வாரம். அந்த வாரத்தையாவது முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு மாணவரிடமும் கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது.

விருப்பத் துறையை எடுத்துப் பார்த்தால்தானே அது தனக்கு ஒத்துவருமா என்று தெரியும்? நியாயமான கேள்வி. அறுவை மருத்துவராகவே கனவு கண்ட ஒருவர், எட்டு மணி நேரம் அரங்கில் நின்றபின் இது தன் உடம்புக்கு ஆகாது என்று உணர்வதுண்டு. மனநலத் துறையை ஏளனமாகப் பார்த்தவர், கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவில் ஒரு வாரம் இருந்தபின் அதையே வாழ்க்கையாக்கிக்கொள்வதும் உண்டு. அந்த வகைத் தேடலுக்குப் பொருத்தமான இடம் இறுதியாண்டுக்கு முந்தைய எலெக்டிவ் மாதம்தான். அப்போது கையில் பொறுப்பு இல்லை, பார்த்து மனதை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது. அந்த எலெக்டிவை ஒரு மாதமாகச் சுருக்கியது தவறு என்று சொல்வதும் இதனால்தான். பயிற்சி ஆண்டு வேறு வகை. மாணவர் வார்டில் முதன்முறையாகப் பொறுப்போடு நிற்பது அப்போதுதான்.

சித்தா, ஆயுர்வேத வாரத்தை வீண் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை வளாகங்களிலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அலோபதி மாத்திரையோடு சூரணமும் சாப்பிடும் நோயாளிகள் எல்லா வார்டிலும் உண்டு. யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. கேட்கவாவது அந்த வாரம் கற்றுத் தந்தால் அது செலவழித்த காலத்துக்குத் தகும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படிப்போரில் பலருக்கு, முடித்தபின் ஏதோ ஒரு மிஷன் மருத்துவமனையில் இரண்டாண்டு பணிபுரியும் கடப்பாடு உண்டு. சத்தீஸ்கரிலோ ஒடிசாவிலோ, தனியாகவோ இன்னொருவரோடோ இருக்க வேண்டிவரும் என்பது அவர்களுக்கு முதலாண்டிலேயே தெரியும். எங்கே போகப் போகிறோம் என்று தெரிந்தவருக்கு எதைக் கற்க வேண்டும் என்பதில் குழப்பம் வராது. அரசுக் கல்லூரி மாணவரில் பலர் அதே போன்ற அறையில்தான் போய் உட்காரப் போகிறார்கள். அதை அவர்களிடம் முன்கூட்டிச் சொல்வாரில்லை. சொல்லப்படுவதெல்லாம் தரவரிசை எண்ணைப் பற்றித்தான்.

கிராமப் பயிற்சி என்ற யோசனை பழையது. 1946இல் போர் (Bhore) குழு, மருத்துவ மாணவர் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதம் நோய்த்தடுப்பு, சமூக மருத்துவப் பயிற்சி வேண்டும் என்றது. 1977இல் மருத்துவக் கல்வியைத் திசைதிருப்பும் திட்டத்தில் ஒவ்வொரு கல்லூரியோடும் ஆரம்ப சுகாதார நிலையங்களை இணைத்தார்கள். 1997இல் இரண்டு மாதமாக இருந்த சமூக மருத்துவப் பயிற்சி 2021இல் 12 வாரமானது. காலத்தைக் கூட்டுவதால் மட்டும் பயனில்லை என்பதற்கு இந்த வரலாறே சான்று. அங்கே அனுப்பப்படும் மாணவருக்கு வேலை கற்றுத் தர அந்த நிலையத்தில் ஒருவருக்கு நேரமும் பொறுப்பும் ஒதுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் 12 வாரமும் படிப்பு விடுமுறைதான்.

மாற்றம் வரக்கூடிய ஒரு வழி, 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது. நெக்ஸ்ட் என்ற வெளியேறும் தேர்வு. 2023இல் வந்த ஒழுங்குமுறையின்படி எழுத்துத் தேர்வான முதல் கட்டம் பயிற்சி ஆண்டுக்கு முன்பே முடிந்துவிடும்; முதுநிலைத் தரவரிசையும் அதிலிருந்தே. நோயாளியைப் பரிசோதிக்கும் இரண்டாம் கட்டம் பயிற்சிக்குப் பிறகு. அதே ஆண்டு ஜூலையில் அது ஒத்திவைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு அதை எதிர்க்கிறது. மாநில உரிமை, மீண்டும் ஒரு மையத் தேர்வு என்ற சுமை, கிராமப்புற மாணவரின் நிலை என்று அதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. அந்த வாதங்களை நான் ஏற்கிறேன். ஆனால் அதில் உள்ள ஒரு சிறு கூறு, அதாவது தரவரிசைத் தேர்வைப் பயிற்சி ஆண்டுக்கு முன்னால் நகர்த்துவது, தனியாகப் பரிசீலிக்கத் தக்கது. தேர்வு முடிந்த பிறகு வார்டுக்கு வரும் மாணவரின் கவனம் வேறாக இருக்கும். தரத்தை உயர்த்திக்கொள்ள மறுபடி எழுதுவோர் இருப்பார்கள், எல்லோரும் எழுதமாட்டார்கள்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. எலெக்டிவ் விண்ணப்பத்தில் ‘ஏன் இந்தத் துறை’ என்ற ஒரு வரி கேட்கலாம்; கேட்டால் படித்துப் பார்த்துப் பேச ஒரு ஆசிரியர் வேண்டும். லாக்புக்கில் ‘கலந்துகொண்டார்’ என்பதற்குப் பதில் எத்தனை முறை தாமே செய்தார், யார் முன்னிலையில் செய்தார் என்று எழுத வைக்கலாம். மயக்கவியல், அவசர சிகிச்சை, மகப்பேறு அறை மூன்றையும் எலெக்டிவாக எடுப்போருக்கு இரவு டூட்டிக்கு மறுநாள் முழு ஓய்வு தரலாம். இப்போது அந்தத் துறைகளை மாணவர் தவிர்ப்பதற்குப் பாதிக் காரணம் தூக்கமின்மை. ஹவுஸ் சர்ஜனைக் கொண்டு இரத்த மாதிரிகளை ஆய்வகத்துக்குச் சுமந்து போகச் செய்வதும், ஸ்கேன் தேதி வாங்க வரிசையில் நிற்கச் செய்வதும் நிற்க வேண்டும். ஆள் பற்றாக்குறையை அடைக்க மாணவரைப் பயன்படுத்தும் வார்டிலிருந்து அவர் தப்பி ஓடத்தான் பார்ப்பார். அங்கே அவருக்கு ஒரு கேஸைக் கொடுத்து, அதை முதல் நாளிலிருந்து டிஸ்சார்ஜ் வரை அவர் பொறுப்பில் விட்டு, தினமும் பத்து நிமிடம் அவரோடு பேசுகிற ஒரு அசிஸ்டென்ட் இருந்தால், அந்த யூனிட்டின் பெயர் அடுத்த பேட்சுக்குள் பரவிவிடும்.